எண்ணெய்க் கறைக்கு எட்டும் வெயில்

ஷூ கம்பெனியில் தோல் ரகம் பிரிப்பது என் வேலை. வடக்குப் பார்த்த ஜன்னலோரம்தான் மேசை. நேர் வெயில் தோல்மேல் படக் கூடாது. நிழல் விழுந்தால் கீறலும் மாட்டை உண்ணி கடித்த தழும்பும் கண்ணுக்குத் தப்பிவிடும். இத்தனை வருஷமாக நிழலை விரட்டியே பழகிவிட்டேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் கிழக்கே ஒரு ஜன்னல். காலையில் கம்பி நிழலோடு வெயில் எதிர்ச்சுவரில் விழும். அப்பா அங்கேதான் நாற்காலி போட்டு, சுவரில் தலை சாய்த்துப் பேப்பர் படிப்பார். போன வருஷம் போய்விட்டார். தலை வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதன்மேல் வெயில் விழும்போது அவர் இருப்பது போலவே இருக்கும்.

இப்போது பக்கத்து வீட்டில் மாடி கட்டுகிறார்கள். சுவர் உயர உயர வெயில் தாமதமாக வந்தது, கீழே கீழே விழுந்தது. முழுக்க மறைவதற்குள் ஒரு போட்டோவாவது எடுத்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மற்ற நாளில் வெயில் வருமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். ஞாயிறுதான் வழி.

முதல் ஞாயிறு வெயிலில் கண் கூசியது. படம் கெட்டுவிடும் என்று, வேலைப் பழக்கத்தில், கிழக்கு ஜன்னலைச் சாத்தி வடக்குக் கதவைத் திறந்து எடுத்தேன். சுவரின் ஒவ்வொரு வெடிப்பும் பளிச்சென்று தெரிந்தது. அப்பா இல்லை.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். "இன்னாங்க இது? ஏ கிரேடா பி கிரேடான்னு பாக்கவா எடுத்தீங்க?"

அந்த வாரம் வேலையில் கை ஓடவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண் பக்கத்து வீட்டுச் சுவருக்குத்தான் போகும். இரண்டு வரி, மூன்று வரி செங்கல் ஏறியிருக்கும். சனிக்கிழமை மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"நாளைக்கு வேலை இருக்குதாங்க?"

"லீவுண்ணே. இன்னா, தூசு ஜாஸ்தியா வருதா?"

வெயிலுக்காகக் கேட்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "இல்ல, சும்மா" என்று வந்துவிட்டேன்.

ஞாயிறு விடியலில் மேகம். வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன்.

"ஒக்காருங்க. நீங்க நடக்கறத பாத்து சூரியனே பேஜாராயிடும்" என்றாள் மனைவி.

மேகம் விலகியது. செங்கல் வரிக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்து, கறையின் கீழ் ஓரத்தை மட்டும் தொட்டது. இனி இறங்கத்தான் செய்யும். போன் தானாகவே நிழலை வெளுக்கப் பார்த்தது. விரலால் வெளிச்சத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். அறை கறுத்து, கம்பி நிழலும் கறையின் ஓரமும் மட்டும் நின்றபோது அழுத்தினேன்.

அவளிடம் நீட்டினேன்.

"ஒண்ணுமே தெரியலையே" என்றாள். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. "மாமா ரெண்டாவது காப்பி கேக்கற நேரம்."

மறுநாள் பஸ்ஸுக்கு ஓடும்போது மேஸ்திரி மூங்கில் சாரத்தில் நின்று, "தூசு வந்தா சொல்லுண்ணே" என்றார். தலையாட்டினேன். சட்டைப் பையில் போன் இருக்கிறதா என்று கை மறுபடி தொட்டுப் பார்த்தது.