சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய படம்

மூணாறு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசைவீடுகளில் எங்கள் வீட்டுக்கும் சாந்தி வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். போன மாதம் அவள் பெரிய டிவி வாங்கினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரிசைவீட்டுப் பிள்ளைகளெல்லாம் அங்கே படம் பார்க்கப் போனார்கள். "படம் பார்த்தா பிள்ளைக கெட்டுப்போகும்" என்று என் மகளை மட்டும் நான் விடவில்லை. அவள் சுவரில் காதை வைத்துக் கதை கேட்டாள். அங்கே சிரித்தபோது இவளும் சத்தமாகச் சிரித்தாள். உடனே டிவி சத்தம் கூடியது. சாந்தி பீற்றிக்கொள்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கொழுந்து எடுக்கும்போது அவளிடம் கேட்டே விட்டேன். "ஏட்டி, உன் டிவி மலைக்கே கேக்கணுமா?"

"பாப்பாவுக்குக் கேக்கட்டும்னுதான் கூட்டி வச்சேன்க்கா. நீங்கதான் விட மாட்டேங்கீகளே."

சாயங்காலம் மகளிடம் அது என்ன படம் என்று கேட்டேன்.

"அக்காவும் தங்கச்சியும் பேசாம இருப்பாங்க. கடைசில பேசிருவாங்கம்மா."

"யாரு முதல்ல பேசுனா?"

"தப்பு செஞ்ச அக்காதான்."

அடுத்த ஞாயிறு மகளோடு போய்ச் சாந்தி வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த டிவியைப் பார்த்தால் இன்னமும் வயிறு எரிகிறது. ஆனால், இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எரிகிறது.