“நம்ம வண்டிதான்” என்று சொன்னேன்

அபிராமத்து விவசாயி முனியசாமி மீது நான் ஒரு பொய்ப் பழி போட்டேன். அவருடைய மிளகாயோடு காணாமல் போன லாரியை ஏற்பாடு செய்தவன் நான். அவரே ஏற்பாடு செய்தார் என்று சொன்னேன்.

அப்போது ராமநாதபுரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் மேனேஜராக இருந்தேன். ஆன்லைன் ஆப்பில் லோடு போட்டு வண்டி பிடிக்க அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் தொழிலில் “நம்ம வண்டி” என்று ஒரு சொல் வழங்கும். ஓனரைத் தெரியும், டிரைவர் நம் ஆபீசில் டீ குடித்திருக்கிறார், வழியில் என்ன ஆனாலும் நாம் பொறுப்பு என்று பொருள். ரசீதைவிட அந்தச் சொல்லை நம்பித்தான் சரக்கு ஏறும்.

குண்டு மிளகாய் சீசன். வழக்கமான வண்டி எதுவும் காலியில்லை. மழை மேகம் வேறு கூடியிருந்தது. ஆப்பில் ஒரு லாரி, மற்றதைவிடக் குறைந்த வாடகைக்கு வந்தது. ஆர்சியும் லைசென்சும் வாட்ஸ்அப்பில் வந்தன. நான் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

“சார், நம்ம வண்டிதானே?” என்று முனியசாமி போனில் கேட்டார்.

“நம்ம வண்டிதான். ஏத்துங்க.”

களத்துக்கு நானும் போனேன். மூட்டைகள் ஏறிய பிறகு தார்ப்பாய் போடச் சொன்னோம். டிரைவர் டூல் பாக்ஸில் பார்த்தார், சீட்டுக்கு அடியில் பார்த்தார், கேபின் மேல் ஏறிப் பார்த்தார்.

“என்னண்ணே, வீட்டுக்காரம்மா தாய்வீட்டுக்குப் போகையில தூக்கிட்டுப் போயிருச்சா?” என்றார் ஒரு லோடுமேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வண்டியில் தார்ப்பாய் எங்கே இருக்கிறது என்று தெரியாத டிரைவரை நான் பார்த்ததில்லை. லைசென்சை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் “நம்ம வண்டி” என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் அந்த ஆளிடம் நீ யார் என்று எப்படிக் கேட்பது? வெட்கப்பட்டு, களத்தில் கிடந்த தார்ப்பாயைப் போடவைத்து வண்டியை அனுப்பிவிட்டேன்.

லாரி சென்னை போய்ச் சேரவில்லை. போலீஸ் விசாரித்ததில், அந்த எண்ணுக்குரிய உண்மையான லாரி நாமக்கல்லில் எஞ்சின் இறக்கிய நிலையில் ஷெட்டில் நிற்பது தெரிந்தது. எங்களிடம் வந்த லாரியில் இருந்தது போலி நம்பர் பிளேட்.

போலீசிடம் நான் மறைக்கவில்லை. ஆப்பில் என் பெயர் இருந்தது. சரக்கை வாங்கவிருந்த சென்னை மண்டி முதலாளி போனில் கேட்டபோதுதான் தவறினேன்.

“யாரு சார் பிடிச்ச வண்டி?”

“பார்ட்டி முனியசாமியே பிடிச்சுக்கிட்டார்.”

மண்டி ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தது. என் ஒரு வரியால், முன்பணத்தை வாங்கிக்கொண்டு மிளகாயை வேறிடத்தில் விற்றவர் என்ற பெயர் முனியசாமிக்கு வந்தது. அடுத்த சீசனில் எந்த மண்டியும் அவர் மூட்டையைத் தொடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அபிராமம் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நஷ்டத்தை என் ஓய்வுப் பணத்திலிருந்து தருவதாகவும் சொன்னேன்.

“அது கெடக்கட்டும் சார். எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் விக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. அங்கன மண்டியில வந்து சொல்லுங்க. நானும் வாரேன்.”

இருவரும் சென்னைக்கு ரயில் ஏறினோம். மண்டியில் கணக்குப்பிள்ளையும் மூட்டை தூக்குபவர்களும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். முதலாளி கணக்கு நோட்டை மூடிவைத்தார்.

“இதை அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாமே சார்.”

பிறகு முதலாளி முனியசாமி பக்கம் திரும்பி, “இந்த சீசன் சரக்கை அனுப்புங்க” என்றார்.

நஷ்ட ஈட்டையும் முனியசாமி வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று மறுத்து என்னை நல்லவனாக்கவில்லை. அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது ஆன்லைனில் வண்டி பிடித்தால் என்னைக் கூப்பிடுவார். வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரை ஆர்சியோடும், லைசென்சை முகத்தோடும் ஒப்பிடுவேன். டிரைவர் தரும் நம்பரில் ஓனரிடம் பேசமாட்டேன். ஓனருடைய ஊர் லாரி சங்கத்தில் கேட்டு வாங்கிய நம்பரில்தான் பேசுவேன். அட்வான்ஸ் ஓனர் கணக்குக்கு மட்டும் போகும். இன்சூரன்ஸ் போடாமல் சரக்கு கிளம்பாது. டிரைவர்கள் முதலில் முறைப்பார்கள். பிறகு என்னோடு டீ குடிப்பார்கள்.

போன வாரம் சேசிஸ் நம்பரைப் பார்க்கக் குனிந்திருந்தேன். லோடுமேன்களுக்குக் கேட்கும்படி முனியசாமி சத்தமாகக் கேட்டார்: “என்ன சார், நம்ம வண்டிதானா?”

“இன்னும் தெரியல. ஓனர் போனை எடுக்கல.”

அதற்குள் ஒருவர் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தார்.

“ஏலே, கீழ வையி,” என்றார் முனியசாமி. “சார் சொல்லட்டும்.”