கண்ணாடி இல்லாத கேமரா

இருபது வருடமாக ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபங்களில் கல்யாணப் படம் எடுக்கிறேன். மாப்பிள்ளை தாலி கட்டுவதை ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. டிஎஸ்எல்ஆர் கேமராவில் பட்டனை அழுத்தியதும் உள்ளேயிருக்கும் கண்ணாடி மேலே எழும்பும். படம் பதிகிற அந்த நொடியில் எனக்கு இருட்டுதான். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. காசுக்கு வேலை, அவ்வளவுதானே.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அது உறுத்தியது. இவள் கழுத்தில் தாலி ஏறுவதையாவது பார்த்துவிட வேண்டும். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கினேன். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாக்கணும்னா எம் பக்கத்துல வந்து நில்லுங்க. அதுக்கு எதுக்கு புது கேமரா?"

"வேற எவன் எடுத்தாலும் எனக்குப் பிடிக்காது" என்றேன். பொய்யில்லை. ஆனால் மணவறையில் வெறுங்கையோடு நிற்க எனக்குப் பயம். அதை அவளிடம் சொல்லவில்லை.

முகூர்த்தத்தன்று, மகளைத் தாரை வார்த்த ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடினேன். வீடியோக்காரர்களுக்கு நடுவே முட்டி போட்டு, கேமராவைக் கண்ணில் வைத்தேன். கெட்டிமேளம் முழங்கியது. இருட்டவே இல்லை. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டதையும் அட்சதை விழுந்ததையும் முழுசாகப் பார்த்தேன். குனிந்திருந்த மகள் தலையைத் தூக்கினாள். கேமரா தானாகவே அவள் கண்ணைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் போட்டது. கட்டம் நகர்கிறதா என்று மட்டும் கவனித்தேன். நகரவில்லை. நல்ல கேமராதான். மனசுக்குள் ஒன்றுமே அசையவில்லை. யார் வீட்டுக் கல்யாணமோ போல இருந்தது.

நாலு நாள் கழித்து என் போட்டோக் கடையில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சாப்பாடு கொண்டுவந்த வீட்டுக்காரி பின்னால் நின்று பார்த்தாள்.

"பிள்ள யாரத் தேடுதா?"

"சும்மா நிமிந்து பாக்கா."

"என்னத்த சும்மா? எம் பக்கத்துல பாக்கா, அங்க நீங்க இல்ல. ஒங்களத்தான் தேடுதா. செத்த நேரம் அந்தச் சனியன எறக்கியிருக்கக் கூடாதா?"

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அவள் தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் மறுபடியும் முதலிலிருந்து தள்ளினேன். ஒரு படத்தில் மகள் அம்மா பக்கம் பார்க்கிறாள். அடுத்ததில் நேராக என்னைப் பார்க்கிறாள், முகத்தை மறைத்த கேமராவுக்குப் பின்னால் இருப்பது யாரென்று தெரியாமல். அதற்கடுத்ததில் என்னைத் தாண்டி, கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருக்கிறாள்.