எட்டு சிலிண்டர் கல்யாணக் கார்

அந்த அமெரிக்கக் காரை நான் வாங்கியதே கல்யாணங்களை நம்பித்தான். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் சும்மா நின்றிருந்த வண்டி. எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடுகிறதா என்று பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவு அமைதி. மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் வேண்டும் என்று கல்யாண வீட்டு ஆச்சிமார் கேட்டு வாங்குவார்கள். மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து வரும். கல்லலில் எங்கள் நிலம் வானம் பார்த்தது. முகூர்த்த மாதங்களில் கார் ஓடினால்தான் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும்.

எழுபத்துமூன்றாம் வருஷக் கடைசியில் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. என் வண்டியோ மெதுவாகப் போகப் போக அதிகம் குடிக்கிற சாதி. வாடகை முழுவதும் பெட்ரோல் பங்கிலேயே கரைந்தது. செக்காலையில் இருந்த மெக்கானிக்கிடம் போய்க் கத்தினேன்.

“அண்ணே, அமெரிக்காவுல பெட்ரோலு தண்ணி மாதிரி. மைலேஜப் பத்தி எவன் யோசிச்சான்? இங்கிலாந்துல சிலிண்டரு எம்புட்டு அகலமோ அம்புட்டு வரி போட்டாக. அதுனால ஒல்லியா, உசரமா வச்சாக. அவுகவுக சட்டத்துக்குத்தான் அவுகவுக எஞ்சினு. நீங்க அங்குட்டு செஞ்சத இங்குட்டு ஓட்டுறீக” என்றார்.

“நம்ம ஊருச் சட்டத்துக்கு எதுதான்யா சரி?”

“டீசலுதான். அதுக்குத்தான் இங்க வரி கம்மி.”

புதுக் கார் என்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்கவும் வழியில்லை. பழைய வேன் ஒன்றில் கழற்றிய டீசல் எஞ்சினை வாங்கி மாட்டினேன். எட்டு சிலிண்டர் பழைய இரும்புக் கடைக்குப் போனது. மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுவதற்குள் செருப்பு தேய்ந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு நாள் எஞ்சின் நம்பர் தெளிவாக இல்லை என்றார்கள், இன்னொரு நாள் பார்க்க வேண்டியவரே லீவு. எரிச்சலை விழுங்கிக்கொண்டு நடந்தேன்.

தேவகோட்டை ரோட்டில் வேகமாக ஓட்டிப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. நடை வேகத்தில் ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. கல்யாணக் கார் வைத்திருப்பவன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தானே! இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அரியக்குடியில் முதல் கல்யாணம். ஊர்வலம் கிளம்பியதும் வண்டி கடகடவென்று குலுங்கியது. மாப்பிள்ளை கழுத்து மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பெண்ணின் அப்பா வேகமாக வந்தார்.

“என்ன தம்பி, லாரியக் கொண்டாந்திருக்கீக?”

நான் வாய் திறப்பதற்குள் பெண் வீட்டு ஆச்சி ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “அத அணைச்சுப்புட்டுத் தள்ளச் சொல்லுங்க.”

நாலு பேர் தள்ளினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். கோயில் வாசல் வரைக்கும் ஒரு சொட்டு டீசல் செலவாகவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு யாரும் தேடி வரவில்லை. எப்போதும் என்னையே கூப்பிடுகிற ஒரு வீட்டுக்கு நானே போய்க் கேட்டேன்.

“வரச் சொல்லலாம்தான் தம்பி. தள்ளுறதுக்கு ஆளுக்கு எங்க போறது?” என்றார் அந்த வீட்டுக்காரர்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. காரைச் செய்தவன் மேலா, விலையை ஏற்றியவன் மேலா, வரி போட்டவன் மேலா, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தெருவில் நின்றேன்.