பொந்தாரும் கயிற்றின் மறுமுனையும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் பொந்தார்தான். எந்த ஓட்டையைக் கண்டாலும் தலையை விட்டுப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். எலி வளையோ, மரப்பொந்தோ, இடிந்த சுவரோ, ஒன்றையும் விடமாட்டார். கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். மூத்த அக்காள் ஒரு தச்சருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அண்ணன் லாரியோடு போனார். இடையில் பிறந்த இரண்டும் பால் மறக்கும் முன்பே போய்விட்டன. மிஞ்சிய கடைக்குட்டி பொந்தாருக்கு மலையடியில் இருந்த வெங்காயத் தோட்டம் வந்தது. அதன் பின்னாலேயே மனைவியும் வந்தாள்.

வந்த புதிதில் அவள் பயந்துதான் போனாள். இந்த மனுஷனோடு எப்படிக் குப்பை கொட்டப்போகிறோம் என்று தாயிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஆனால் அவர் ஊர் சுற்றியது எல்லாம் கடைசியில் வீட்டில்தான் வந்து முடிந்தது. மகளுக்குப் பிரசவம் ஆன அன்று ஆற்றில் வெள்ளம், பாலம் போய்விட்டது. பொந்தார் எண்ணெய் டின்களை ஒன்றாகக் கட்டி, அதன்மேல் குப்புறப் படுத்து, குழந்தைக்குத் தைத்த சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அக்கரை சேர்ந்தார். சேறு சொட்ட வாசலில் நின்றவரைப் பார்த்து மருமகன், "நாளைக்கு வந்திருக்கலாமே மாமா" என்றார்.

"நாளைக்கு வந்தா அவளுக்கு ஒரு நாள் வயசாயிடுமே மாப்ளே."

தோட்டத்தை மகனிடம் ஒப்படைத்து ஓய்ந்த பிறகும் கால் ஓயவில்லை. பலகையைப் படிக்காமல் பஸ் ஏறுவார். விளக்குப் போடும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். பேரப்பிள்ளைகளுக்குப் பையில் ஏதாவது இருக்கும்.

"எங்கதான் போனீங்க?" என்பாள் மனைவி.

"பேரு கேக்கல. நல்ல ஊரு."

இத்தனை இருந்தும் அவருக்கு உயிர், தோட்டத்து மேட்டில் இருந்த சுரங்கம்தான். மலைக்குள்ளிருந்து தண்ணீர் வர யாரோ எக்காலத்திலோ குடைந்த வழி அது. தவழ்ந்துதான் போகமுடியும். கோடை தோறும் உள்ளே மண் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நூலாகிவிடும். பொந்தார் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார். மறுமுனை மனைவியின் கையில் இருக்கும். உள்ளேயிருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதனால் கயிறுதான் பேசும். வெடுக்கென்று ஒரு இழுப்பு வந்தால் இன்னும் கொஞ்சம் கயிறு விடவேண்டும். விடாமல் உதறினால் வெளியே இழுக்கவேண்டும். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. மெல்ல, குழந்தை சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல, இரண்டு இழுப்பு வரும். 'இருக்கியா?' என்று அதற்குப் பொருள். அவளும் மெல்ல இரண்டு இழுப்பாள். 'இருக்கேன்.' அவ்வளவுதான். அதனால் மண்ணும் வராது, தண்ணீரும் வராது. பிள்ளை குட்டிகளிடம் போய்ச் சொல்லக்கூடிய சங்கதியா அது? சொல்லவில்லை.

அவர் போனது காய்ச்சலில். பகல் நேரம், தன் கட்டிலில். வெந்நீர் எடுக்க மனைவி அடுப்படிக்குப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

"பேச்சு வரல அத்தை. என் கையப் பிடிச்சு மெல்ல ரெண்டு தரம் இழுத்தாங்க. தண்ணி கேக்கறாங்கன்னு நெனச்சு தண்ணி குடுத்தேன். குடிக்கல. திரும்பவும் ரெண்டு தரம் இழுத்தாங்க."

மருமகளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. மாமியார் வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, குளிர்ந்துகொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தாள். பதில் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

அடுத்த கோடையில் தொட்டிக்கு வரும் தண்ணீர் சுண்டிப்போயிற்று. மகன் காலையிலேயே டார்ச்சும் களைக்கொத்துமாகச் சுரங்கத்துக்குக் கிளம்பினான். கயிறு பிடிக்க மருமகள் எழுந்தாள்.

"நீ பிள்ளைகளைப் பாரு. நான் பிடிக்கறேன்" என்றாள் மாமியார்.

நல்ல வெயில். சுரங்கத்து வாயில் மட்டும் ஈரக் காற்று வீசியது, யாரோ வாயால் மூச்சு விடுகிற மாதிரி. மகனின் உள்ளங்கால்கள் கொஞ்சநேரம் தெரிந்தன, பிறகு தெரியவில்லை. வெடுக்கென்று ஒரு இழுப்பு. கயிறு விட்டாள். இன்னொரு இழுப்பு. விட்டாள். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு வந்தது. மெல்ல, இரண்டு.

மகனுக்கு இது எப்படித் தெரியும்? சாகுமுன் அப்பா சொல்லிக்கொடுத்திருப்பாரோ? கை அவளைக் கேட்காமலே இரண்டு தரம் இழுத்துவிட்டது. நெஞ்சில் நின்ற முள் கழன்ற மாதிரி இருந்தது. அந்த நிம்மதி ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. திரும்பவும் இரண்டு. பதில் சொன்னாள். திரும்பவும் இரண்டு. பொந்தார் ஒரு தரம் கேட்டுப் பதில் வந்தால் வேலையைப் பார்ப்பார். இது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தரமும் கயிறு ஒரு விரல்கடை உள்ளே போயிற்று. அவள் கால் தானாக ஒரு அடி முன்னால் வைத்தது.

மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. இழுத்துப் பார்க்கவும் பயம், விடவும் பயம். மறுமுனையில் இருப்பது பெற்ற பிள்ளை அல்லவா.

"என்னம்மா, ஏன் கத்தற?"

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. தலை முதல் கால் வரை சேறாக மகன் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"கயிறு பத்தல. வளைவுலயே அவுத்துப் போட்டுட்டேன். மேல காத்து வர்ற ஓட்டை இருக்கு பாரு, அது வழியா ஏறி வந்துட்டேன். அடைப்பு அந்தப் பக்கம்தான்."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். கயிறு விறைப்பாக இருந்தது.

"எங்கயாவது சிக்கியிருக்கும்" என்றான் மகன்.

"சிக்கல. உங்கப்பா."

அவன் சிரித்தான். "அவரு பஸ்ல ஏறித்தானே போவாரு." சிரித்து முடிக்கும் முன்பே கயிறு இரண்டு தரம் அசைந்தது, மெல்ல. அவன் கண்ணாலேயே பார்த்தான்.

பயந்து ஓடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் ஓடவில்லை. குனிந்து இருட்டுக்குள் எட்டிப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. டின் கட்டி ஆற்றில் இறங்கியவரின் முகம் அப்படியே அதில் இருந்தது. அந்த முகத்தைக் கண்டபோதுதான் அவளுக்கு உண்மையில் உயிர் நடுங்கியது.

"அப்பா?" என்றான் உள்ளே பார்த்து. "அம்மா, டார்ச்ச எடு. ஒரே ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாண்டா."

"வளைவு வரைக்கும்தான்."

அவன் தலையும் தோளும் உள்ளே போய்விட்டன. அவள் ஒரு கையால், வெளியே இருந்த அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையில் கயிறு. அதுவும் இழுத்தது, இவனும் இழுத்தான், இருவரும் ஒரே பக்கமாக. அவள் அவனுக்கு மேலாகக் குனிந்து, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் சொல்வதுபோலச் சுரங்கத்துக்குள் சொன்னாள்:

"இருக்கேங்க. இவங்களோட இங்கயேதான் இருக்கப்போறேன். நீங்க போங்க."

புறப்படுகிறவரிடம் 'போயிட்டு வாங்க' என்றுதான் அவள் வாழ்நாளெல்லாம் சொல்லியிருக்கிறாள். 'வாங்க' என்ற அந்தப் பாதியை அன்று சொல்லவில்லை. வாய்வரை வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். விரல்களைத் திறந்தாள்.

கயிறு சரிந்து விழவில்லை. கொஞ்சம் போயிற்று, நின்றது. மறுபடி கொஞ்சம் போயிற்று, நின்றது. வயதான ஒருவர் தவழ்ந்து போகிற நிதானம். கடைசி முடிச்சு மகனின் காதை உரசிக்கொண்டு போனபோது அவன் மெல்லப் பின்வாங்கி வெளியே வந்து உட்கார்ந்தான். வெளிச்சம் முகத்தைவிட்டுப் போயிருந்தது.

"கை வலிக்குதும்மா. விடு."

அவள் விடவில்லை. "நட" என்றாள். தோட்டம் கடந்து, வாசல் கடந்து, அடுப்படியில் பிள்ளைகளுக்கு நடுவில் அவனை உட்கார வைக்கும்வரை அந்த மணிக்கட்டு அவள் பிடியில்தான் இருந்தது.