கிணறு பின்னால் இருக்கிற காணி

உலகம் கவிழப்போகிறது என்ற நம்பிக்கை என் கணவருக்கு மிசிசாகா போய்வரும் வழியில்தான் பிடித்தது. அங்கே ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளர் வேலை. போகவரக் காரில் வீடியோக்களை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே போவார். ஒதுக்குப்புறமாகக் காணி வாங்கி, கோழி வளர்த்து, சாப்பாட்டைப் பதுக்கி, நகரம் அழியும் நாளுக்குக் காத்திருக்கிறவர்களின் வீடியோக்கள். முதலில் நான் சிரித்தேன். பிறகு ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு பேஸ்மென்ற் முழுக்க ரின்னில் அடைத்த கடலையும் தண்ணீர்ப் போத்தலுமாக அடைந்தது. ஒருநாள் மூடி போட்ட வாளி ஒன்றும் மரத்தூள் மூட்டை ஒன்றும் வந்து இறங்கின. குழாயில் தண்ணீர் நின்றுபோனால் கக்கூசுக்கு அதுதானாம். இப்போதே பழகிப் பார்க்கலாம் என்றார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன்.

"இஞ்சாருங்கோ, உந்த வாளி இந்த வீட்டுக்குள்ளை இருந்தால் நான் இருக்கமாட்டன்."

"உமக்கு ஒண்டும் விளங்காது. வரேக்கை தெரியும்."

வாளி கராஜுக்குப் போனது. பைத்தியம் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அடுத்து கவுண்டி தேடத் தொடங்கினார். எங்கள் ஊரில் மாவட்டம் என்போமே, கிட்டத்தட்ட அதுதான் இங்கே கவுண்டி. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, அது தப்பிப் பிழைக்க உகந்த இடமா என்று மார்க்ஸ் போட்டார். மண், விறகு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் மார்க்ஸ். நகரம் தூரப்போகப் போக மார்க்ஸ் கூடும். சனம் குறையக் குறைய இன்னும் கூடும். ஆஸ்பத்திரி தொலைவில் இருப்பதற்குக்கூட நல்ல மார்க்ஸ்தான், நோய்க்காரர் அந்தப் பக்கம் வரமாட்டார்களாம். இவருக்கு மாதம் தவறாமல் பிரஷர் குளிசை வேண்டும். அது கணக்கில் வரவில்லை.

வீட்டை விற்றுத்தான் காணி வாங்க வேண்டும். டோர்செட் பார்க் பகுதியில் கரப்பான்பூச்சிகளோடு ஒரு அப்பார்ட்மென்றில் கிடந்து, இரண்டு பேரும் இரவு பகலாக வேலை செய்து வாங்கிய வீடு. நடந்துபோனால் கடை, பஸ். பக்கத்து வீட்டு அன்ரி பெல் அடிக்காமலே வந்து கறிவேப்பிலை கேட்பா. வீடு இருவர் பெயரிலும் இருந்தது. என் கையெழுத்து இல்லாமல் விற்கமுடியாது என்ற ஒரே தைரியத்தில்தான், பனி கரைந்த ஒரு சனிக்கிழமை, காணி பார்க்க அவரோடு போனேன்.

காட்ட வந்த ஏஜென்ற் எங்கள் ஆள்தான். சின்ன வயதிலேயே கொழும்பிலிருந்து வந்தவர், சப்பாத்தில் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர். இவர் காரை விட்டு இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்க்கவில்லை. கிணறு எங்கே என்று கேட்டுக்கொண்டு வளவைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாழ்ப்பாணத்தான் காணி பார்க்கிற முறை அது. கிணற்றுக்கட்டில் கையூன்றி எட்டிப்பார்த்து, ஒரு வாய் குடித்து, நல்ல தண்ணீரா உவரா என்று சொன்ன பிறகுதான் மற்ற எந்தப் பேச்சும். கிணற்றுக்கட்டைக் காணாமல் மனிதர் தவித்துப்போனார்.

"அண்ணை, உதுதான் கிணறு." வீட்டுக்குப் பின்னால் நிலத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயையும் அதில் பொருத்தியிருந்த கைப்பம்பையும் ஏஜென்ற் காட்டினார்.

இவரின் முகம் சுருங்கியது. ஆனாலும் பம்பை அடிக்கச் சொல்லி, குனிந்து, இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தார். "நல்ல தண்ணி," என்றார். என்னையும் குடிக்கச் சொன்னார். உண்மையில் நல்ல தண்ணீர்தான்.

அவர் அப்படிக் குனிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சண்டைக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுதும் ஊரைவிட்டு எழும்பி நடந்த அந்த நேரம், பாலம் தாண்டி நடந்த சனத்தில் இவரும் ஒருவர், நானும் ஒருத்தி. அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது. கைதடியில் றோட்டோரம் ஒரு மனுசி தன் கிணற்றடியில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கலங்கல் வரும்வரை அள்ளி ஊற்றினாவாம். இவர் மயங்கி விழுகிற நிலையில் கையேந்திக் குடித்தாராம். எந்தப் பிறந்தநாள் விழாவிலும் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு இவர் சொல்கிற கதை இது. ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

ஏஜென்ற் எங்களை முன்பக்கம் கூட்டிப்போனார். மேட்டில் நின்று பார்த்தால் கீழே றோட்டு நெடுகத் தெரிந்தது. வாசலில் ஆளுயர இரும்புக் கேற், பெரிய பூட்டு. நாங்கள் உள்ளே வந்ததும் ஏஜென்ற் அதைப் பூட்டியிருந்தார்.

"அண்ணை, சிற்றியிலை ஒரு பிரச்சினை எண்டால் சனம் உந்த றோட்டாலைதான் நடந்து வரும். தண்ணி கேட்கும், சாப்பாடு கேட்கும். இஞ்சை நிண்டால் தூரத்திலையே கண்டிடலாம். கேற்றைப் பூட்டினால் ஒருத்தரும் ஏறேலாது. கிணறும் பின்னுக்கு. றோட்டாலை வாறவைக்குத் தண்ணி இருக்கிறதே தெரியாது."

இவர் தலையாட்டினார். அசடு வழியச் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "உதுக்குப் பத்துக்குப் பத்து," என்றார்.

வாயில் இன்னும் அந்தத் தண்ணீரின் ருசி இருந்தது. வேலியோரம் துப்பினேன். வாளியைக் கண்டபோது வந்த குமட்டல் இதற்குக் கிட்டவும் நிற்காது. இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்த மனிதனை நினைத்து எனக்கு அருவருத்தது.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றேன்.

"ஏன்? தண்ணி நல்ல தண்ணியெல்லே?"

"அண்டைக்குக் கைதடியிலை அந்த மனுசியின்ரை கிணறு றோட்டுக்குத் தெரிஞ்சபடியால்தான் நீங்கள் இண்டைக்கு இஞ்சை நிண்டு மார்க்ஸ் போடுறியள்."

அவர் கையில் இன்னும் ஈரம் இருந்தது, அதைக் காற்சட்டையில் துடைத்தார். றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தம்பி, கேற்றைத் திறவுங்கோ, நாங்கள் போகோணும்," என்றார்.

ஏஜென்றுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விலை பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார். பூட்டைத் திறந்தபடி சமாதானமாகச் சொன்னார்:

"பரவாயில்லை அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆனால் சுணங்காதேங்கோ. இன்னும் கொஞ்சப் பேர் பாத்திட்டுப் போயிருக்கினம். எல்லாம் எங்கட ஆக்கள்தான். எல்லாருக்கும் உந்தக் கேற்தான் பிடிச்சிருக்கு."