இது எந்த பீஸுக்கான பிடித்தம்?

1. கேட்டில் வந்த கேள்வி

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனி. மதியச் சாப்பாட்டு மணி அடித்து, பெண்கள் டிபன் போசியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். 2007 ஆகஸ்ட் மாதம். மொபெட்டை ஸ்டாண்ட் போடக்கூட விடாமல் ஜெபமணி என் முன்னால் வந்து நின்று பாஸ்புக்கை நீட்டினாள்.

"யக்கா, ஆயிரத்து அறுநூத்தி நாப்பத்தெட்டு ரூவா எங்க போச்சு?"

நான் அரசாங்க சேமிப்புப் பத்திரம் வாங்கிக்கொடுக்கும் ஏஜென்ட். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். வரி, வட்டி எல்லாம் பேங்க் நோட்டீஸ் போர்டிலும் ஜனங்களின் வாயிலும் கற்றுக்கொண்டதுதான். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பெண்கள், "முதல்ல என்னக்கா தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் ஜெபமணியின் கதையைத்தான் சொல்வது.

ஜெபமணிக்குத் தெற்கே நாசரேத் பக்கம். அவள் வீட்டுக்காரர் ஒரு டையிங் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர், அங்கேயே விபத்தில் போய்விட்டார். நஷ்டஈடாக நாலு லட்சம் வந்தது. அதை முந்தின வருஷம் எட்டு சதவீத சேமிப்புப் பத்திரத்தில் போட்டுக்கொடுத்தது நான். ஆறு வருஷம் அசலைத் தொட முடியாது. பிப்ரவரி ஒன்றாம் தேதியும் ஆகஸ்ட் ஒன்றாம் தேதியும் பதினாறாயிரம் வட்டி பேங்க் கணக்குக்கு வந்துவிடும். மகள் நர்ஸிங் படிக்கிறாள், அந்த வட்டிதான் காலேஜ் ஃபீஸ். பிப்ரவரியில் முழுசாக வந்தது. ஆகஸ்டில் பதினாலாயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டுதான் வந்திருந்தது.

"பேங்குல கேட்டியா அம்மிணி?"

"கேட்டேன். பிடித்தம் போக வந்திருக்குன்னாவ. பிடித்தமா? நான் எந்த பீஸுல ஓட்டை விட்டேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் செக்கிங் டேபிளில் வேலை பார்ப்பவள். பனியனைத் திருப்பி, விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று பார்த்துத் தள்ளும் வேலை. ஒரு டேமேஜ் பீஸ் அவள் கண்ணுக்குத் தப்பிப் பேக்கிங் போய்விட்டால் சனிக்கிழமைக் கூலியில் பிடித்தம். பிடித்தம் என்றால் அங்கே இரண்டு அர்த்தம்: நீ தப்புச் செய்தாய்; பணம் திரும்ப வராது. அந்தச் சொல்லைத்தான் அவள் பேங்கிலிருந்து தூக்கி வந்திருந்தாள்.

பின்னாலேயே அவள் கொழுந்தன் ஞானராஜ் வந்தான். அதே கம்பெனியில் கட்டிங்.

"மதினி, கேக்கவேண்டியதக் கேளுங்க. இவியளுக்குக் கமிஷன் உண்டாம்லா? மொதல்லயே நான் சொன்னம்லா, அது பத்திரமே இல்லன்னு. முத்திரைத்தாள் இல்ல, ரேகை இல்ல, கம்ப்யூட்டர்ல அடிச்ச ஒரு தாளு. கேட்டா ஆறு வருசத்துக்குக் குடுக்க மாட்டாவளாம். அப்ப துட்டு இருக்கா இல்லையா, யாரு பாத்தா?"

ஜெபமணி என் முகத்தையே பார்த்தாள். துணியைப் பார்க்கிற பார்வை.

"கமிஷன் உண்டாக்கா?"

உண்டு. ஆனால் அவள் பணத்திலிருந்து இல்லை. பத்திரம் விற்றதற்காக, பேங்க் வழியாக எனக்குத் தனியாக ஒருமுறை வருவது. அதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொல்வதில்லை. தெரிந்தால் அதில் பாதி கொடு என்பார்கள் என்று ஒரு கணக்கு. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கேள்வியைக் காதில் விழாததுபோல் விட்டுவிட்டேன்.

"விசாரிச்சுட்டு வந்து சொல்றேன் அம்மிணி" என்றேன்.

"பாத்தியளா, முழிக்காவ" என்றான் ஞானராஜ்.

2. நான் பட்ட சந்தேகம்

வண்டியில் வரும்போது எனக்கும் சந்தேகம் ஊறியது. அவள் பாஸ்புக்கை பேங்குக்குக் கொண்டுபோய் என்ட்ரி போடுவதே இந்த ஞானராஜ்தான். பிப்ரவரியில் வந்தது ஆகஸ்டில் ஏன் குறைய வேண்டும்? அவன் ஏன் அவ்வளவு சத்தம் போட வேண்டும்? எங்கள் ஊரில், 'தொலைச்சவனைவிடத் தேடறவனைப் பாரு' என்று சொல்வார்கள். பத்திரம் போட்ட பேங்கு போய்ச் சேர்வதற்குள் அவனைத் திருடனாகவே முடிவுகட்டி விட்டேன். இரண்டாவது சந்தேகம் பேங்குக்காரர் மேல்.

"ஏனுங்க சார், போன தடவை முழுசா வந்துது. இப்ப எவனோ கை வெச்சிருக்கானுங்க" என்றேன் ஆபீசரிடம்.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேனாவால் சுவரைக் காட்டினார்.

"ஜூன் ஒண்ணாம் தேதியிலிருந்து இந்தப் பத்திரத்துக்கும் டிடிஎஸ் உண்டும்மா. வருஷ வட்டி பத்தாயிரத்தைத் தாண்டினா, வரியைப் பிடிச்சுக்கிட்டு மீதியத்தான் அனுப்புவாங்க. நோட்டீஸ் ரெண்டு மாசமா ஒட்டியிருக்கு. நீங்க அதுக்குக் கீழ உட்கார்ந்துதான் தினமும் அப்ளிகேஷன் பாரம் எழுதுறீங்க."

நோட்டீஸ் என் தலைக்கு மேலேதான் இருந்தது. அதை மறைத்தபடி, மேலே ஆணியில் நான் மாட்டிவைக்கிற குடை.

பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்குப் பத்து வரி, அந்த வரிக்கு மேல் நூற்றுக்கு மூன்று செஸ். பதினாறாயிரத்துக்கு ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு. ஒரு ரூபாய் பிசகவில்லை. ஞானராஜும் திருடவில்லை, ஆபீசரும் திருடவில்லை. ஒருவன் தலையில் மனசுக்குள் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டு அவிழ்ப்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"அவளுக்கு வரி கட்டற வருமானமே இல்லீங்களே சார்?"

"அப்ப 15ஜி பாரம் கொடுத்திருக்கணும். 'எனக்கு வரி வராது, பிடிக்காதீங்க'ன்னு அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. இனிமே கொடுங்க, பிப்ரவரியில முழுசா வரும். பிடிச்சது பிடிச்சதுதான். ரிட்டர்ன் போட்டு இன்கம்டாக்ஸ்லதான் திருப்பி வாங்கணும்."

எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு ஆடிட்டர் எனக்குப் பழக்கம். அவரிடம் போய், "இத்தனை நாளா வரியில்லாத பத்திரத்துக்கு இப்ப வரி போட்டுட்டாங்களாமுங்க" என்று புலம்பினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வரியில்லைனு யாருங்கம்மா சொன்னது?"

"பிடிக்கவே இல்லீங்களே."

"செக்போஸ்ட்ல நிறுத்தலைனா லோடுக்கு வரியில்லைனு அர்த்தமுங்களா? வட்டி எப்பவும் வருமானந்தானுங்க. வரம்புக்கு மேல இருக்கறவங்க கணக்குல காட்டித்தான் ஆகோணும். இது வரை நிறுத்தாம விட்டாங்க, இப்ப நிறுத்தறாங்க, அவ்வளவுதானுங்க."

'வரி கிரி ஒண்ணும் கிடையாதுங்க' என்று நான் சொல்லியே விற்ற பத்திரங்கள் ஒன்றிரண்டா?

3. பெருமாநல்லூர் மேனேஜர்

வரம்புக்கு மேலே வருமானம் இருந்தவர்கள் என் நோட்டில் ஆறு பேர். எல்லோர் வீட்டுக்கும் போனேன். மறக்க முடியாதவர் பெருமாநல்லூரில் இருந்த ஒரு ரிட்டயர்டு டையிங் மேனேஜர். வீட்டு வாடகை, மகன் கம்பெனியில் பங்கு என்று நல்ல வருமானம். ரிட்டர்ன் போடுகிறவர், பத்திர வட்டியை மட்டும் காட்டவில்லை. நான் சொன்னதால்தான் காட்டவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"உங்ககிட்டத்தானுங்க."

"இன்கம்டாக்ஸ்காரங்க யாராச்சும் உங்க ஊட்டுக்கு வந்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாட்ட."

அரை மணி நேரம் பேசினேன். இப்போது பிடித்தம் செய்து, பிடித்ததற்குச் சர்டிபிகேட் அனுப்புவார்கள், அதில் பெயரும் வட்டியும் இருக்கும், இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று. கடைசியில், "சரிங்க, ஆடிட்டரப் பாக்கறேன். நீங்க இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். வாசல் வரை வந்து, நான் வண்டியில் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

4. டேபிளில் கொட்டிப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ஜெபமணி வந்திருப்பாள் என்று அவள் வீட்டுக்குப் போனேன். ஞானராஜும் இருந்தான். நல்லதாகப் போயிற்று.

மூடி வைக்காமல் சொன்னேன். கமிஷன் உண்டு, இவ்வளவு, அரசாங்கம் தருவது, உன் அசலிலும் வட்டியிலும் ஒரு பைசா எடுப்பதில்லை. பிடித்தது வரி. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, பாரம் வாங்கிக் கொடுக்காத தப்பு என்னுடையது. இது கூலிப் பிடித்தம் மாதிரி இல்லை, உனக்கு வரி வராது என்பதால் திரும்ப வரும். ஆனால் நாளாகும்.

"எவ்வளவு நாளு?"

"பான் கார்டு எடுக்கோணும். மார்ச் முடிஞ்சு ரிட்டர்ன் போடோணும். ஒரு வருஷம் ஆனாலும் ஆகும்."

"ஃபீஸு இந்த மாசம் கெட்டணும்லா."

நான் பையிலிருந்து பணத்தை எடுத்தேன். எண்ணி வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஜெபமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. நீங்க குடுத்தா நீங்க எடுத்ததாத்தான் ஆவும்."

இத்தனை வருஷத்தில் இதைவிடக் கூர்மையான பேச்சை நான் கேட்டதில்லை. பணம் பைக்குள் திரும்பப் போனது. அவள் இரண்டு வாரம் ஓவர்டைம் பார்த்து அந்த ஃபீஸைக் கட்டினாள்.

ஞானராஜ் விடவில்லை. அவன் சத்தத்துக்கு அடியில் இருந்தது இதுதான்: டையிங் கம்பெனி தனியாகத் தருவதாக எழுதிக்கொடுத்த இரண்டு லட்சம் அந்த மாதம் வர இருந்தது. அதை அவனுக்குத் தெரிந்த ஒரு ஃபைனான்ஸில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாசம் நூத்துக்கு ரெண்டு ரூவா மதினி. ஒத்த ரூவா பிடித்தம் கெடையாது. பாரமும் இல்ல, பான் கார்டும் இல்ல. எனக்கு ஆறு மாசமா வருது."

ஜெபமணி நான் கொடுத்த 15ஜி பாரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பனியனைப் பார்ப்பது மாதிரியே. பார்த்தபடியே கேட்டாள்:

"பிடித்தமே கெடையாதா?"

"கெடையவே கெடையாது."

"பில்லு, சீட்டு?"

"ஒரு நோட்டுல எழுதித் தருவாவ. நம்பிக்கைதான்."

"ஞானராஜி, ஆயிரம் பீஸு லாட்டுல ஒரு டேமேஜும் இல்லன்னு எவனாவது கொண்டாந்தா நாங்க என்ன செய்வோம் தெரியுமா?"

"என்ன செய்விய?"

"அதத்தான் மொதல்ல டேபிள்ல கொட்டுவோம். ஓட்டை இல்லாம மெசினு ஓடாது. ஒண்ணு அவன் பாக்கல, இல்ல மறைச்சிருக்கான்."

அவன் ஏதோ முனகினான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்த இரண்டு லட்சமும் என் வழியாகப் பத்திரத்துக்கு வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்ககிட்டயும் இல்லக்கா. மொதல்ல அந்த ஆயிரத்து அறுநூத்தி நாப்பத்தெட்டு வரட்டும். அது வரைக்கும் பேங்குல எம்பேருல கெடக்கட்டும்."

5. கவர் வந்த நாள்

அடுத்த பிப்ரவரியில் வட்டி முழுசாக வந்தது. அதற்கும் அவள் எனக்கு நல்ல வார்த்தை சொல்லவில்லை. பான் கார்டு எடுத்தோம். பிடித்ததற்கான சர்டிபிகேட்டை பேங்கில் மூன்று நடை நடந்து வாங்கினேன். ஆடிட்டர் ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தார், ஃபீஸ் வாங்கவில்லை. மாதம் ஒருமுறையாவது கேட்டில் நிறுத்தி, "வந்துதாக்கா?" என்பாள். வாயில்தான் கேள்வி, கண்ணில் வேறு. எனக்கே ஒரு கட்டத்தில், வராதோ என்று ஆகிவிட்டது.

2009ல் ஒரு நாள் ராயபுரத்தில் என் வீட்டுக்கே வந்தாள். கையில் இன்கம்டாக்ஸ் கவர், உள்ளே செக். பிடித்த தொகையும் அதற்கு மேல் கொஞ்சம் வட்டியும்.

"இவ்வளவு நாளு வெச்சிருந்ததுக்கு வட்டியும் குடுத்திருக்காவ போல" என்றாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. உடனே அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

"பேங்குல கெடக்குத ரெண்டு லட்சத்த பத்திரத்துல போடலாம்னு இருக்கேன். இதுல உங்களுக்குக் கமிஷன் எவ்வளவுக்கா?"

சொன்னேன்.

"எம் பணத்துல இருந்து இல்லல்லா?"

"இல்ல அம்மிணி."

"பிடித்தம் வருமா?"

"பாரம் குடுத்தா வராது. ஒவ்வொரு வருஷமும் குடுக்கோணும். உன் சம்பளமும் வட்டியும் கூடி என்னிக்காவது வரம்பைத் தாண்டினா பாரம் குடுக்கக் கூடாது, வரி கட்டோணும்."

தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்து அப்ளிகேஷனை எடுக்கப் போனேன். அவள் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இப்ப சொன்னத எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். கமிஷன் இவ்வளவு, வரி உண்டா இல்லையா, பிடித்தம் எப்போது, பாரம் எப்போது, நாலே வரி. அன்றிலிருந்து யாருக்குப் பத்திரம் போட்டாலும் அந்த நாலு வரியை அவர்கள் கேட்பதற்கு முன்பே எழுதி, அப்ளிகேஷனோடு பின் பண்ணித் தருகிறேன். பேங்கில் குடையைத் தரையில் வைக்கிறேன்.

ஞானராஜின் ஃபைனான்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவன் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் போன வருஷம் தன் பெயரில் கொஞ்சம் பத்திரம் போட வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "மதினிக்கு எழுதிக் குடுத்தியள்லா, அந்தத் தாளு எனக்கும் வேணும்" என்றான்.